கலைச்செல்வி அக்காவின் பயம்

"இன்னைக்கு வேன் வராது" என்றுதான் முதலில் செய்தி வந்தது. பெற்றோர் குழுவில் யாரோ காரணம் கேட்டார்கள். பதில் வரச் சற்று நேரமானது. கலைச்செல்வி அக்கா இறந்துவிட்டார். மாரடைப்பு.

எங்கள் பள்ளி வேனை ஓட்டியவர். குழந்தைகளை ஏற்றி இறக்கும் பொறுப்பு என்னுடையது. அவரைத் தைரியசாலி என்று பெற்றோர்கள் நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். இல்லை. பயந்துகொண்டேதான் ஓட்டினார். காவிரிப் பாலம் ஏறும்போதெல்லாம் உதடு அசையும். கேட்டால், "பயந்தா மெதுவாப் போகலாம் டீச்சர். போகாம இருக்க முடியுமா?" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்ரீரங்கம் நிறுத்தம். கிளட்ச்சை முழுக்க மிதித்திருந்தும் வேன் முன்னால் நகர்ந்தது. ஒரு முழம் இருக்கும். எதிரே, கழன்ற செருப்பை மாட்டக் குனிந்திருந்த ஒரு சிறுமி. அக்கா பிரேக்கை அழுத்திவிட்டார். சிறுமிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் தென்னூர்ப் பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கினார்கள். கிளட்ச் தட்டு தேய்ந்திருந்தது. எஞ்சினின் நடுத்துளையில் சிறிய பித்தளை வளையம் ஒன்று உண்டு, பைலட் புஷ். கியர்பாக்ஸ் தண்டின் நுனி அதற்குள் தடையின்றிச் சுழல வேண்டும். அதுவும் தேய்ந்து, தண்டைக் கவ்வத் தொடங்கியிருந்தது. அதனால்தான் கிளட்ச்சை மிதித்தும் எஞ்சின் வண்டியை இழுத்திருக்கிறது.

"தேச்சு விட்டா ஓடும்க்கா," என்றார் மெக்கானிக் யூசுப் பாய். "அடிச்சு எடுக்கப்போயி உள்ள கீறல் விழுந்துச்சுன்னா இன்ஜினையே இறக்கணும். திங்கக்கிழமை பரீட்சைன்னீங்களே?"

"ஓடும் பாய். நிக்குமா?"

பாய் புஷ்ஷின் துளையில் கிரீஸை அடைத்து, கம்பியை வைத்து அடித்தார். உள்ளே இறுகும் கிரீஸ் புஷ்ஷைப் பின்னாலிருந்து வெளியே தள்ள வேண்டும். கம்பி சற்று மெலிது. கிரீஸ் பீறிட்டு அவர் தாடியில் அப்பியது.

"கெட்டியா ஏதாச்சும் வேணும். சில பேரு ரொட்டி வெச்சு அடிப்பாங்க."

அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தார். "இட்லி இருக்கு."

"சட்னியோடவா?"

"சட்னி உங்களுக்கு. இட்லி அதுக்கு."

சிரித்தோம். பாய் இட்லியைத் துளையில் திணித்தார். சுத்தியல் விழுந்ததும் சிரிப்பு நின்றது. ஒவ்வோர் அடிக்கும் அக்காவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. கடைசியில் புஷ் மெல்ல நழுவி வெளியே வந்தது. அக்கா துளைக்குள் விரலை விட்டுத் தடவினார். கீறல் இல்லை.

மாலையில் புதிய புஷ்ஷும் கிளட்ச்சும் பொருத்தி வண்டியைக் கிளப்பினார்கள். அக்கா போய் வேனுக்கு நேர் முன்னால் நின்றார்.

"கியர் போட்டு, கிளட்ச்ச மட்டும் மிதிங்க பாய். பிரேக் வேணாம்."

"தள்ளி நில்லுங்கக்கா, விளையாடாதீங்க!"

"நானே தள்ளி நின்னா, பிள்ளைய எப்படி நிக்க வைக்கிறது?"

பாய் மிதித்தார். எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை. அக்காவின் உதடு அசைந்தது.

"போதும்க்கா, வாங்க," என்றேன்.

"இருங்க டீச்சர். அந்தப் புள்ள குனிஞ்சு செருப்ப மாட்டிட்டு எந்திரிக்க இவ்வளவு நேரமாவது ஆகும்."

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பயத்தைத்தான். இப்போது வேனுக்கு வேறு ஓட்டுநர். கடைசிக் குழந்தை சாலையைக் கடக்கும்வரை நான் வண்டியின் முன்னால் நிற்கிறேன். அவர் ஹாரன் அடிக்கிறார். நான் நகர்வதில்லை.