ரவுட்டரை அணைத்தது யார்?

சுவரில் மாட்டிய தெர்மோஸ்டாட்டுக்கு வைஃபை கிடைக்காமல் போனால் அந்த வீட்டில் ஒருவரும் எதையும் தொட்டிருக்கவே மாட்டார்கள், குற்றமெல்லாம் அதைச் சரிசெய்ய வருகிறவள் மேல்தான். அதுதான் என் தொழில். உள்ளங்கை அகலப் பெட்டி அது. வீடு முழுக்க ஓடும் ஏசியைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் போனில் இயக்கலாம் என்று சொல்லி விற்கிறார்கள். விற்றவன் கமிஷனோடு போய்விடுவான். புனே வெயிலில் ஸ்கூட்டரில் அலைவது நான். வீடு வீடாகப் போய் ரிப்பேரும் பார்த்து, திட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிற என் இனத்து மக்களே, இதெல்லாம் உங்களிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

எங்கள் ஆபீசில் ஒரு சட்டம். சரிசெய்த வீட்டிலிருந்து அதே புகார் மறுபடி வந்தால் அதற்குப் பெயர் "ரிப்பீட்". காரணம் என்னவாக இருந்தாலும் பழி, போன ஆள் மேல். ரிப்பீட் சேர்ந்தால் வேலை கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் ஒவ்வொரு ரிப்பீட்டையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஷிர்டி விருந்தாளிகள்

ராமநாதன் சார் புனேக்கு வெளியே சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் இன்ஜினியர். புனேத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஊரிலிருந்து ஷிர்டிக்குப் போகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நம் வீடுதான் சத்திரம். வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள். சார் சிரித்துக்கொண்டே கொடுப்பார். அவர்கள் ரயிலேறியதும் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார். போகிற போக்கில் பக்கத்து ஃப்ளாட் பையன்களுக்கும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள் என்று அவருக்குச் சந்தேகம். தெர்மோஸ்டாட் பாவம், பழைய பாஸ்வேர்டையே சொல்லிக்கொண்டு நிற்கும். சார் உடனே புகார் போடுவார். எனக்கு ரிப்பீட் விழும்.

ஒவ்வொரு தடவையும் புதுப் பாஸ்வேர்டைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, "மாத்தினா இதுலயும் மாத்தணும் சார்" என்று சொல்லிவிட்டு வருவேன். இந்தக் கோடையில் யாரோ சித்தப்பா குடும்பம் வந்து போன மறுநாள், எனக்குப் பொறுமை போய்விட்டது. "விருந்தாளிக்குன்னு தனியா ஒரு வைஃபை வெச்சுத் தரேன், உங்களோடதைத் தொடாதீங்க சார்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "நான் பாஸ்வேர்டு மாத்தினது மனுஷங்களுக்குத்தாம்மா, ஏசிக்கு இல்லையே!"

ஆள் வரவில்லையா?

போசரியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு மராத்திக்காரர் வீடு. கதவைத் திறந்தவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "தாயி, ஆள் வரலையா?" என்று மராத்தியில் கேட்டார். தாயி என்றால் அவர்களுக்கு அக்கா. நான்தான் ஆள் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. அந்த வீட்டு ரவுட்டரில் வேகமானது ஒன்று, மெதுவானது ஒன்று என்று இரண்டு வைஃபை வரும். தெர்மோஸ்டாட்டுக்கு மெதுவானதுதான் ஒத்துப்போகும். அதை எடுத்துச் சொன்னால், வேகத்துக்குக் காசு கட்டுகிறேன், மெதுவானது எனக்கு எதற்கு என்று எகிறினார். என்னைப் பெட்டியைத் தொடவே விடவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஆபீசுக்குப் போன் போட்டு ஆண் ஒருவனிடம் பேச வேண்டும் என்றார். டேனியலிடம் கொடுத்தார்கள். டேனியல் என்னோடு வேலை பார்ப்பவன், காட்கியில் எங்கள் தெருக்காரன். அவனும் மெதுவான வைஃபையில் போடச் சொன்னான். மனிதர் "வாஹ் வாஹ்!" என்று தலையாட்டிவிட்டுத் தானே போட்டுக்கொண்டார். பெட்டி வேலை செய்தது. வந்த பெண்ணால் முடியவில்லை, போனில் பேசிய பையன் முடித்துவிட்டான் என்று புகாரை மறுபடி பதிந்துவிட்டார். அதுவும் என் கணக்கில் ரிப்பீட். மறுநாள் ஆபீஸ் படியில் டேனியல் என்னை நிறுத்திச் சிரித்தான். "எஸ்தர், நீ சொன்னதையே எழுத்து மாறாம சொன்னேன், மனுஷன் என்னைப் பெரிய கில்லாடின்னுட்டாரு!"

லோஹேகாவ் சுவிட்ச்

லோஹேகாவ் வீட்டுப் புகார் திரும்பி வந்தபோது, அந்த ரிப்பீட்டோடு எச்சரிக்கையும் வந்துவிட்டது. இன்னும் ஒரு ரிப்பீட் என்றால் வேலை நின்றுவிடும். அந்த நிலையில்தான் அங்கே போனேன். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர் வீடு. பக்கவாதம் வந்து பேச்சு போய் அவர் படுக்கையில் இருந்தார். அவர் மனைவி செல்லம்மாள், திருநெல்வேலிப் பக்கம். புகார் போடுவது கனடாவில் இருக்கும் மகன் கார்த்திக். முந்தைய தடவை போனபோது ரவுட்டர் சுவிட்ச் அணைந்திருந்தது. போட்டுவிட்டு, அணைக்க வேண்டாம் என்று சொல்லி வந்திருந்தேன். அந்த அம்மாவும் தலையை ஆட்டினார்கள்.

இப்போதும் சுவிட்ச் அணைந்திருந்தது. கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓடுவதற்கென்று மகன் ஒரு பேட்டரி வாங்கி அனுப்பியிருந்தான். அதன் வயரையும் யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். என் பிழைப்பில் மண்ணைப் போடுவது யார் என்று தெரிந்துபோன ஆத்திரத்தில், "ஏம்மா இப்படிப் பண்றீங்க, எனக்கு வேலை போயிரும்மா" என்று கத்தியேவிட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், கணவரை ஒருபக்கமாகப் புரட்டிக் காட்டினார்கள். முதுகெல்லாம் வேர்த்து வெந்து தோல் உரிந்திருந்தது.

"டாக்டர் சூடு படாம வைங்கன்னாரு. எம்மவனோ குளிர்ச்சி ஆகாதுன்னு எதுலயோ படிச்சிருக்கான். நான் குறைச்சா அவன் போன்ல காட்டுமாம். அங்கன இருந்தே ஏத்திருதான். இதை அணைச்சாத்தான் நான் வச்சது வச்சபடி நிக்கும். அவுக வாய் தொறந்து வேக்காடுன்னு சொல்ல முடியுமா?" என்றார்கள். மகனிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "அவன்கிட்ட மல்லுக்கட்டத் தெம்பு இல்லம்மா, சுவிட்சை அணைக்கத்தான் தெம்பு இருக்கு."

யார் போனில்?

நான் அங்கே நிற்கும்போதே கார்த்திக் அம்மாவின் போனில் வீடியோவில் வந்தான். முதுகை நீங்களே பாருங்கள் என்று கேமராவைத் திருப்பப் போனேன். "மேடம், நீங்க கனெக்‌ஷனை மட்டும் பாருங்க, டெம்பரேச்சரை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. நோயாளி இங்கே, வியர்வை இங்கே, துடைக்கிற கையும் இங்கே. தீர்மானிப்பது மட்டும் பனிக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருவன்.

வீடு யார் பேரில் என்று கேட்டேன். "அவுக பேர்லயும் என் பேர்லயும்" என்றார்கள். அது போதும் எனக்கு. தெர்மோஸ்டாட்டின் பட்டனை அழுத்திப் பிடித்துப் பழையதையெல்லாம் அழித்தேன். செல்லம்மாள் போனில் ஆப்பை இறக்கி, அவர்கள் பேரிலேயே புதிதாகப் பதிந்தேன். கூட்டவும் குறைக்கவும் சொல்லிக் கொடுத்தேன். ரவுட்டரும் பேட்டரியும் ஓட, வைஃபை முழுசாக வந்தது. மகன் போன் மட்டும் வெளியே. இனி சுவிட்சை அணைக்க வேண்டியதில்லை என்றேன். அவன் புகார் போடுவான், என் வேலை நிற்கும் என்பது ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிப் போய் மாற்றத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் ஆபீசிலிருந்து ரிப்பீட் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் செல்லம்மாள் கூப்பிட்டார்கள். ஐயா விடிய விடிய அசந்து தூங்கினாராம். மகன் போன் போட்டு, அப்பா ரூமில் எத்தனை டிகிரி என்றே தனக்குத் தெரியவில்லை என்று குதித்தானாம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "தெரியணும்னா ஒரு தடவை வந்து உங்கப்பா பக்கத்துல உக்காந்து பாருன்னு சொல்லிப் போனை வச்சிட்டேன்."

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றிருப்பதால், கனடாவிலிருந்து யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாத ஒரு பழைய மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ஜில்லென்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.