ஏ பெரிதா, பி பெரிதா

இருபது நிமிடம் ஓடும் ஒரே பாட்டை எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கிற ஆட்கள் அப்போது திருப்பூரில் எத்தனை பேர் இருந்தார்களோ, எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருவன் நான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், தெற்கேயிருந்து பிழைக்க வந்தவன். இன்னொருவர் எங்கள் துணிக்குச் சாயம் போட்ட பட்டறையில், நிறம் சோதிக்கும் லேப் பார்த்தவர். சோமனூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

பாட்டுகள் எங்களிடம் வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் மூலம். வெளிநாட்டில் துணி வாங்கும் பையர் சார்பாகச் சரக்கைச் சோதிக்க வருடத்துக்கு இரண்டு முறை வருவார். இளவயதில் கேட்ட ராக் ஆல்பங்களைப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவார். ஒருமுறை ஏழெட்டு சிடிக்களைக் கொடுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் காப்பி போட்டுக்கொள்ளச் சொன்னார். எழுபதுகளில் வந்தவை. பாட்டுக்குள் இன்னொரு பாட்டு இருக்கும், தாளம் நடுவழியில் மாறும், பாடகர் எட்டு நிமிடம் கழித்துத்தான் வாயைத் திறப்பார். முதல் நாள் போட்டபோது பேக்கிங் செக்‌ஷனிலிருந்து ஆள் வந்து, "சார், பாட்டுங்களா, மிஷின் ரிப்பேருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நிறத் துண்டுகள் ஒட்டிய ஷேடு அட்டை கொண்டுவந்த லேப்காரர் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார். பாட்டு முடிகிறவரை நின்றார். அப்புறம், "ஏனுங்க, எனக்கொண்ணு காப்பி போட்டுத் தருவீங்களா?" என்றார்.

அந்தக் குழுக்களின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. நாங்களே அவற்றைச் சொல்லிப் பழகவில்லை. எங்கள் தொழிலில் ஒரு நிறம் வேண்டுமென்றால் மூன்று துண்டுத் துணியில் சாயம் போட்டு, ஏ, பி, சி என்று எழுதி பையருக்கு அனுப்புவோம். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றுக்குக் குறை எழுதுவார். கொஞ்சம் மங்கல், கொஞ்சம் சிவப்புத் தூக்கல், இந்த மாதிரி. குழுக்களையும் அப்படியே பிரித்தோம். ஏ என்பது ஆர்கனும் டிரம்மும் மல்லுக்கட்டும் குழு. பி என்பது புல்லாங்குழலையும் கிட்டாரையும் வைத்து ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மெல்ல மெல்ல எழுப்பும் குழு. சி-யில் பாடகர் அழுதுகொண்டே இருந்தார். ஒரே மாதத்தில் இருவரும் சேர்ந்து தள்ளிவிட்டோம்.

நிறத்தை மூன்று வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகிற நிறம் கடை விளக்கில் காலை வாரிவிடும், வீட்டு மஞ்சள் பல்பில் வேறு ஏதோ ஆகிவிடும். அதனால் ஆல்பத்தையும் மூன்று இடத்தில் கேட்டுத்தான் தீர்ப்பு சொல்லவேண்டும் என்று அவர் சட்டம் போட்டார்: கம்பெனி வேனில், லேப் கம்ப்யூட்டரில், அவரவர் வீட்டில். கேட்டு முடித்ததும் சீட்டில் குறை எழுதி மாற்றிக்கொள்ளவேண்டும். ஏழு வருடம் இதைச் செய்தோம்.

அவர் ஏ கட்சி, நான் பி கட்சி. "ஏ: நல்ல அழுத்தமான ஷேடு. எத்தனை தடவை அலசினாலும் போகாது" என்று அவர் எழுதுவார். "அலசியும் இரைச்சல் போகவில்லை" என்று நான் அதன் கீழேயே எழுதி அனுப்புவேன். என்னுடைய பி-யைப் பற்றி அவர் எப்போதும் ஒரே குறைதான் எழுதினார்: "சாயம் சரியா ஏறலீங்க. ரொம்ப லைட்." எனக்குச் சுள்ளென்று வரும். எனக்குக் கோபம் வந்தால் மரியாதை பறந்துவிடும். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "உமக்கு ஒரு மண்ணும் தெரியாது வே" என்று நான் போனில் கத்தினால், "அப்படிங்களா, சரிங்க, ஆனா ஏ-தானுங்க பெருசு" என்று அவர் போனை வைப்பார். திருப்பூர் வாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அந்தச் சண்டை. ஷிப்மெண்ட், டிலே, பையர் திட்டு என்று போகிற வாரத்தில் அந்த ஒரு போனுக்காகத்தான் காத்திருந்தேன்.

பிறகு அவர் போன் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். "சீட்டுல எழுதி அனுப்பிருங்க, லேப்புல மிஷின் சத்தமுங்க" என்றார். நம்பினேன். லேப்புக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். நிறத்தில் மூழ்கிவிட்டார் என்று நினைத்தேன். நீலத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு கூடியிருப்பதைக் கண்ணால் பார்த்தே சொல்கிற மனிதர். அவரிடம் குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பி குழுவின் பழைய ஆல்பம் ஒன்று புதிதாகக் கிடைத்தது அப்போதுதான். முதல் நான்கு நிமிடம் புல்லாங்குழல் தனியாக வரும், மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் சத்தம். என் கட்சி ஜெயிக்கப்போகிறது என்று துள்ளிக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளில் சிடி திரும்பி வந்தது. "மொத நாலு நிமிசம் காலியா இருக்குதுங்க. காப்பி சரியா ஆகல." புதிய சிடியில் போட்டு அனுப்பினேன். அதே குறை. மூன்றாவது முறையும் அதே குறை எழுதி வந்தபோது, மனிதர் என்னை நக்கல் செய்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். சீட்டை எடுத்து, "காதே இல்லாத ஆளுக்கு இனி சாம்பிள் அனுப்புவதாக இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவர் அதைப் படித்துச் சிரித்ததாகச் சீட்டைக் கொண்டுபோன டிரைவர் சொன்னார்.

ஒரு மாதம் அப்படியே கிடந்தது. முதலில் இறங்கி வந்தவர் அவர்தான். அவர் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். எட்டு விசைத்தறி. அவர் பிறந்ததே அந்தச் சத்தத்துக்குள்தான். தறி ஓடுகிற வீட்டில் கேட்டதால்தான் புல்லாங்குழல் விழவில்லையோ என்று அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. அப்போது தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். "நாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. பத்து மணிக்குக் கரண்டு போயிரும். தறி நின்னதும் ரெண்டு பேரும் ஒண்ணாக் கேட்டுப்போடலாம்" என்று எழுதியிருந்தார். அவரைத் தோற்கடிக்கத்தான் பேட்டரி போட்ட சிடி பிளேயரோடு பஸ் ஏறினேன்.

பத்து மணிக்குச் சோமனூர் முழுக்கத் தறிகள் ஒரே நேரத்தில் நின்றன. அந்த மாதிரி அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் யாரோ டம்ளரைக் கீழே வைத்தது கேட்டது. இயர்போனில் ஒன்றை அவர் காதிலும் ஒன்றை என் காதிலும் வைத்து, சிடியைத் தட்டிவிட்டேன். புல்லாங்குழல் தொடங்கியது. அவ்வளவு தெளிவாக வீட்டில்கூட நான் கேட்டதில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் பிளேயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிடி சுற்றுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. சத்தத்தைக் கூட்டினார். எனக்குக் காது வலித்தது. இயர்போனைக் கழற்றி ஊதி, இரண்டையும் மாற்றி வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் ரொம்பப் பணிவாக, "இன்னும் ஆரம்பிக்கலீங்களே?" என்றார்.

என் முகத்தில் அவர் எதைப் பார்த்தாரோ தெரியாது. மெதுவாக இயர்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சீட்டில் நான் எழுதியது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்கும் வருகிறது.

கோயமுத்தூரில் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். சின்ன வயதிலிருந்து தறிச் சத்தத்தில் இருந்தவர்களுக்கு குழல் மாதிரி உச்சத்தில் வரும் மெல்லிய ஓசைகள்தான் முதலில் போகும் என்றார் டாக்டர். நரம்பு போனது போனதுதான், மிச்சமிருப்பதும் குறைந்துகொண்டே வரும், காதில் மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் பிடிபடும், பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். இவர் டாக்டரின் வாயையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து பேக்கரியில் டீ சொன்னோம். ஏழு வருடமாக எனக்கும் அவருக்கும் பேச ஒரே விஷயம்தான். அதையே எடுத்தேன். அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. ஏ-தான் பெருசு."

பெரிய மனசோடு சொன்னதாக என் நினைப்பு.

அவர் டம்ளரை மேஜைமேல் வைத்தார். "ஏனுங்க, ஏழு வருசத்துல ஒரு நாள் ஒத்துக்கலீங்களே நீங்க. கால்ல விழுந்திருந்தாலும் ஒத்திருக்க மாட்டீங்க. இப்ப எதுக்குங்க?"

அவர் எழுந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். அவருக்குக் காது போயிற்று என்று டாக்டர் சொன்னபோது அந்த முகம் மாறவில்லை. நான் விட்டுக்கொடுத்தபோதுதான் மாறியது. இனி நீ சண்டை போடத் தகுந்த ஆள் இல்லை என்று நான்தான் அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது எனக்கு விளங்கியது, ஊர் திரும்பும் பஸ் சூலூரைத் தாண்டிய பிறகுதான். அதே பஸ்ஸில் அவர் இரண்டு சீட் முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகும் வேலை விஷயமாகப் பார்த்துக்கொண்டோம். நிறம் பற்றிப் பேசுவார், சாப்பாடு விசாரிப்பார். பாட்டுப் பேச்சு மட்டும் வராது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் லேப்பில் யாரும் இல்லாதபோது நேரே அவர் முன்னால் போய் நின்று, பழைய மாதிரியே அடித்தொண்டையில் கத்தினேன். "வே, நான் அன்னைக்குச் சொன்னது பொய். உம்ம ஏ வெறும் இரைச்சல். ஆர்கன்காரனுக்கு விரல் இருக்கே தவிர மனசு கிடையாது. பி கால்தூசிக்கு வருமா அது?"

அவர் என் வாயை முழுதாகப் பார்த்து முடித்தார். ஒரு சொல்லும் தவறவில்லை என்று எனக்குத் தெரிந்தது. "ஏ-தானுங்க பெருசு" என்பார், சீட்டை எடுப்பார் என்று நின்றேன்.

"ஆமாங்க," என்றார். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."