ஜிலேபிக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல்

காக்கர் ஸ்பேனியல் இன நாய்களைப் பற்றிச் சொல்லப்படுவன பல. நான் சோதித்து அறிந்ததை மட்டுமே இங்கே எழுதுகிறேன். கேள்விப்பட்ட செய்தி ஒன்றை நம்பியதால் ஒரு நாய் தன் வீட்டை இழக்க இருந்தது.

காலடிப்பேட்டையில் உள்ள என் கால்நடை மருத்துவ நிலையத்துக்குத் தில்லிபாபு வந்தார். விசைப்படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். பொன்னிற ஸ்பேனியலான ஜிலேபிக்கு வாய்ப்பூட்டு மாட்டியிருந்தார். மனைவி கஸ்தூரியும் மகள் யாழினியும் உடன் வந்தனர்.

"டாக்டரம்மா, இந்த ஜாதி நாய்க்கு வளந்தா மூள கலங்கிடுமாமே? பாப்பா இது தலைய தடவுனா கடிக்க வருது. மணலி பக்கம் தோஸ்து குடோன் கீது, காவலுக்கு வுட்டுட்றேன்."

"அத்த அனுப்புனா நானும் குடோனுக்குப் பூடுவேன் நைனா" என்றாள் யாழினி.

"பல்லு பட்டுச்சா?" என்று யாழினியிடம் கேட்டேன்.

"இல்ல, கைய இஸ்துகினேன்."

தடுப்பூசிகள் தவறாமல் போடப்பட்டிருந்தன. ஜிலேபியின் காதைத் தூக்கினேன், அலறியது. உள்ளே சிவந்த வீக்கம், கரிய பிசுக்கு, புளித்த வாடை.

"காதுல ஏதாவது ஊத்துனீங்களா?"

கஸ்தூரி பெருமையோடு சொன்னார்: "வெள்ளிக்கெழமன்னா பாப்பாக்கு எண்ண தேச்சு, காதுல ரெண்டு சொட்டு நல்லெண்ண வுடுவேன். இதுக்கும் அப்டிதான். ஓரவஞ்சன பண்ணலாமா?"

ஸ்பேனியலின் தொங்கும் காது, துளையின் மேல் மூடி போலக் கிடக்கும். எண்ணெயும் குளித்த நீரும் உலராமல் உள்ளே தங்கிவிடும். பிசுக்கைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தேன், பூஞ்சைத் தொற்று. செவிப்பறைக்குச் சேதமில்லை. கடிக்க வந்தது வலியினால்தான்.

சொட்டு மருந்து கொடுத்தேன். காதில் எண்ணெய் கூடாது. குளிப்பாட்டியபின் நன்றாகத் துடைக்க வேண்டும். உண்ணும்போது காதுகள் தட்டில் தோயாதபடி மேலே தளரக் கட்ட வேண்டும். வலி தீரும்வரை பாப்பா அதன் தலையைத் தொடக்கூடாது என்றேன்.

"அப்போ மூள நல்லாத்தான் கீதா?" தில்லிபாபு நீண்ட மூச்சு விட்டார். குடோன் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

மறு சோதனைக்கு வாய்ப்பூட்டு இல்லாமல் வந்தது ஜிலேபி. யாழினியின் சிவப்பு ரிப்பனில் இரு காதுகளும் ரெட்டைப் பின்னல்போல் உயர்ந்திருந்தன. அவள் அதன் தலையைத் தடவினாள். அது வாலை ஆட்டியது.

"யாருக்கு நைனா மூள கலங்கிச்சு?"

"எனக்குத்தாம்மா. ஆள வுடு!"

சாதுவான ஸ்பேனியல் திடீரென உறுமினால், அதன் குணத்தைப் பழிக்குமுன் காதைச் சோதிக்கச் செய்யுங்கள். ஜிலேபியின் தொற்றைத் தொடங்கி வைத்தது எண்ணெயா, துடைக்காமல் விட்ட நீரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.