மகிமா டீச்சரின் மூன்று கிலோ கேஸ்

ராயபுரத்தில் மகிமா டீச்சர் பால் காய்ச்சுவதென்றாலும் சமன்பாடு எழுதிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். நாற்பத்தாறு வயது. வீட்டிலேயே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன். அரசு ஆசிரியர் வேலை ஒரே ஒரு மதிப்பெண்ணில் கைநழுவிப் போனது, அதுவும் சமையல் கேஸிலிருக்கும் பியூட்டேன் எரியும் வெப்பக் கணக்கில். இருபது வருஷமாகியும் அந்தக் காயம் ஆறவில்லை.

தவக்கால வெள்ளிக்கிழமை. தெருவே சேர்ந்து நூற்றைம்பது பேருக்குக் கஞ்சி ஊற்றும் நாள். புது சிலிண்டர் வந்தபாடில்லை. இருந்தது பாதிக்கு மேல் தீர்ந்த ஒன்று. கஞ்சிக்குப் பொறுப்பான டோரதி விறகு வாங்கச் சொன்னாள்.

"விறகு இன்னாத்துக்குக்கா? கணக்கு கீதுல்ல?" என்றாள் மகிமா.

சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிக் காசிமேட்டு மீன் சந்தைக்குப் போனாள். மீன் எடை போடும் ஜெரி தராசு முள்ளைப் பார்த்துவிட்டு, "பத்தொம்போது!" என்று ஏலக்குரலில் கூவினான். சிலிண்டரில் பொறித்திருந்த காலி எடை பதினாறு. ஆக, கேஸ் மூன்று கிலோ.

திரும்பி வந்து தெருவிலேயே சாக்பீஸால் எழுதினாள். இரண்டு பியூட்டேனுக்குப் பதிமூன்று ஆக்சிஜன். கிலோவுக்கு ஏறக்குறைய ஐம்பதாயிரம் கிலோஜூல். அதில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். கஞ்சி வேக இரண்டரை மணி நேரம், அடுப்பு மணிக்கு ஒரு கிலோ குடிக்கும். பத்துக்கு ஏற்றினால் பன்னிரண்டரைக்குக் கஞ்சி, அரைக் கிலோ மிச்சம்.

"நடுவுல அணைஞ்சிச்சுன்னா, எம் பொண்ணு இனிமே உன் டியூஷனுக்கு வரமாட்டா" என்றாள் டோரதி. தெருவும் தலையாட்டியது. யார் வீட்டுப் பிள்ளையும் வராது என்று அதற்கு அர்த்தம்.

நடுவில் அணைந்தது. அரிசி நடுவில் கல்லாக இருந்தது.

மகிமா தரையில் உட்கார்ந்து கணக்கை மூன்று தரம் சரிபார்த்தாள். தப்பே அகப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

அந்நேரம் பார்த்து, தூக்குவாளியோடு கஞ்சிக்கு வந்து நின்றான் ஜெரி.

"இன்னா டீச்சர், பத்தலயா? நம்ம டீச்சராச்சேன்னு ஒரு கிலோ கொசுறு சேத்துதான சொன்னேன்! மீன்னா ஒரு கை அள்ளிப் போட்ருப்பேன். சிலிண்டருக்கு இன்னாத்த அள்ளிப் போட? அதான் நம்பர்ல போட்டேன்."

மகிமா துள்ளி எழுந்தாள். "அப்போ கேஸ் ரெண்டே கிலோ! பத்துக்கு ஏத்துனது… டோரதிக்கா, அடுப்பு எப்போ அணைஞ்சிச்சு?"

"கோயில்ல மத்தியான மணி அடிக்கசொல்ல."

"பன்னெண்டு! கரெக்ட்டு!" ஜெரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். இருபது வருஷத்து அழுகை. காலிப் பாத்திரத்தோடு வரிசையில் நின்ற யாரோ கைதட்ட, ஏன் என்று தெரியாமலே நூற்றைம்பது பேரும் தட்டினார்கள்.

டோரதி மட்டும் தட்டவில்லை. கரண்டியில் வேகாத அரிசியை அள்ளிப் பார்த்தாள்.

"பொண்ண நாளைக்கே அனுப்பறேன், மகிமா. இப்ப ஓடிப்போயி விறகு வாங்கியா. கணக்குப் போடாம வாங்கியா."