இரண்டிலும் நாலிலும்

பஹ்ரைனின் ஈசா டவுனில் எங்கள் பொங்கல் விழாவுக்கு என் மகளும் மூன்று தோழிகளும் பழைய அமெரிக்க டூ-வாப் பாட்டொன்றை எடுத்திருந்தார்கள். வாத்தியமே கிடையாது, குரலும் விரல் சொடுக்கும்தான். ஒத்திகையில், பஜனையில் பழகிய என் கை நாலு எண்ணிக்கையின் முதலிலேயே விழும்.

"அப்பா, ரெண்டுலயும் நாலுலயும் க்ளாப் பண்ணுங்க! ராக் அண்ட் ரோலே அதுலதான் நிக்குது" என்று எரிந்து விழுவாள்.

விழாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு சூடு பிடித்ததும் கூட்டமே தட்டத் தொடங்கியது, அத்தனை பேரும் முதல் எண்ணிக்கையில். நம் ஜனங்களுக்கு வேறெப்படி வரும்? பிள்ளைகளின் குரல் தடுமாறியது. மகளின் முகம் வெளுத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, இரண்டிலும் நாலிலும் ஓங்கித் தட்டினேன்.

"தாளம் தப்புது, உக்காருங்க! மானம் போகுது" என்று மனைவி சட்டையை இழுத்தாள். அரங்கமே முறைத்தது.

மேடையில் மகளின் சொடுக்கு என் கையோடு விழுந்தது.