ஒரேயொரு பிள்ளைக்கு ஒரு வகுப்பு

எங்கள் குறுகலான ஒழுங்கை வீடுகளின் பிள்ளைகள் காலையில் வாடகை வானுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ரவுணுக்கு, நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் முதலாம் வகுப்பில் ஒரேயொரு பிள்ளை. அது என் பேத்தி. வகுப்பில் முதலாம் பிள்ளையும் அவள்தான், கடைசிப் பிள்ளையும் அவள்தான்.

எல்லாம் போன விஜயதசமியன்று வந்த வினை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். அந்தப் பள்ளிக்கூட அதிபர் எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்றார்.

"அம்மா, ஏடு தொடக்கப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவல், கடலை எல்லாம் இருக்கு."

"எனக்கும் தருவியளோ சேர்?"

"உங்களுக்கு இரண்டு பங்கு."

போனோம். அவர் பேத்தியை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவித்தார். நான் இரண்டு பங்கையும் சாப்பிட்டு முடித்தேன். வேறு பிள்ளை ஒன்றும் வரவில்லை என்பதைக் கடைசிக் கடலைக்குப் பிறகுதான் கவனித்தேன்.

பின்னேரம் மகள் தலையில் கைவைத்தாள்.

"ரவுணிலை சேர்க்கவெல்லோ இருந்தனான்! ஏடு தொடக்கின மனுசனை விட்டிட்டு இனி எப்பிடியம்மா வேறை பள்ளிக்கூடம்? நாளைக்கு அவரின்ரை முகத்திலை முழிக்கிறேல்லையோ?"

"அரிசியிலை பொறி வைச்சிட்டார் பிள்ளை."

அவள் சிரிக்கவில்லை.

விளையாட்டுப் போட்டியில் பேத்தி தனியாக ஓடினாள். கை தட்டினோம். ஓடி வந்து என் சேலையைப் பிடித்தாள். "அம்மம்மா, இரண்டாவதா வந்தது ஆர்?" எதற்கும் பகிடி விடும் நான் அன்றைக்கு அவளின் முகத்து வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் வான் திரும்பி மறையும்வரை படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

போன கிழமை ரவுண் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் கிடைத்தது.

"கொண்டுபோய் மாட்டினது நீங்கள். நீங்களே போய்ச் சொல்லுங்கோ" என்றாள் மகள்.

சொல்ல வேண்டியதை வழிநெடுக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அதிபர் சட்டைக் கையை மடித்துவிட்டு, பிள்ளை உட்காரும் சின்னக் கதிரை ஒன்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அடுத்த ஒழுங்கைப் பெண் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் ஒரு சிறுமி ஒளிந்து நின்றாள்.

"சேர், ஒரு விசயம் கதைக்க வந்தனான்."

அவர் வாய் திறக்குமுன் அந்தப் பெண் முந்திக்கொண்டாள். "உங்கடை பேத்தி இருக்கிறா எண்டு சேர் சொன்னபடியாத்தான் அம்மா, இவளைக் கொண்டுவந்தனான். தனிய எண்டால் விட்டிருக்கமாட்டன்."

அதிபர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. துடைத்த கதிரையையே திரும்பவும் துடைத்தார்.

"என்ன விசயம் அம்மா?"

"கதிரை ஈரமாக் கிடக்கு சேர். கொஞ்சம் வெயிலிலை வையுங்கோ."

வீட்டு வாசலில் மகள் காத்திருந்தாள். "கதைச்சனீங்களோ?"

"ஓம், கதைச்சனான்."

நேரே குசினிக்குள் போனேன். உலையை வைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் வான்காரனிடம் நாளைக்குப் பிள்ளையை ஏற்ற வரச்சொல்லி ஃபோனில் கதைப்பது கேட்டது.