கல்லறைத் திருநாளுக்கு நான் சிபாரிசு செய்த ஆவி நாடகம்

தம்பி மகள் பூசணிக்காய் ஒன்றைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி டீப்பாய்மேல் வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஹாலோவீனுக்குப் பாக்கற மாதிரி நல்ல பேய் சீரியல் ஒண்ணு சொல்லு அத்தை." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருவில் பூசணிக்காயை நடுரோட்டில் போட்டு உடைத்து, பின்னால் வருகிற சைக்கிள்காரனை விழவைப்பதோடு சரி. அதற்குக் கண் மூக்கு வைத்து அலங்காரம் செய்கிற பொறுமை எவருக்கும் இருந்ததில்லை.

சிபாரிசு கேட்பவர்கள் ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும். என் வாழ்நாளில் ஒரே ஒரு பேய்த் தொடரைத்தான் மெனக்கெட்டுச் சிபாரிசு செய்திருக்கிறேன். அதுவும் பெற்ற தாய்க்கு. அதற்கப்புறம் யாராவது கேட்டால் வாயைத் திறப்பதில்லை.

எழுபதுகளின் கடைசி. மெட்ராசுக்கு டி.வி. வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு பெட்டி. புளி, மிளகாய் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த தெற்கத்திக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தது. அவர் சம்சாரத்தை நாங்கள் அக்கா என்போம். மடக்குக் கதவு வைத்த மரப்பெட்டி அது. அதற்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவி அக்காவின் இடுப்பில். அவர்கள் கூடத்தில் பாதி இடத்தை மிளகாய் மூட்டைகள் பிடித்துக்கொண்டிருக்கும். மீதியில் தெருப் பெண்கள் எல்லோரும் முட்டி மோதி உட்காருவோம். பேய் வருகிற நேரமாகப் பார்த்து யாராவது தும்முவார்கள். "ஏட்டி, தும்முறவள்லாம் வாசலுக்குப் போங்கட்டி! அந்த ஆவியே பயந்து ஓடிரும் போலிருக்கு" என்று அக்கா கத்துவார்.

வாரத்துக்கு ஒரு கதை, எல்லாம் ஆவிக்கதை. இன்று பார்த்தால் குழந்தை கூடச் சிரிக்கும். செத்தவர் முகத்தில் டப்பாப் பவுடர் முழுவதையும் கொட்டியிருப்பார்கள். வேட்டி தடுக்காமல் இருக்க ஆவி அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வரும். கரண்டு குறைந்தால் படம் நடுவில் சுருங்கி ஆவிக்கு இடுப்பே இல்லாமல் போய்விடும். ஆனால் திரையில் எப்போதும் உப்பு கொட்டினமாதிரி புள்ளி பறந்துகொண்டிருக்குமே, அதற்கு நடுவிலிருந்து ஒரு முகம் மெல்லத் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வோம். அதை மட்டும் இன்றைக்கு எவனாலும் செய்ய முடியாது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, பேய்க்குப் பல் சொத்தை என்பது வரைக்கும்.

நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அந்த வாரக் கதையை எடுத்து விடுவேன். பாதி பார்த்தது, பாதி என் கைச்சரக்கு. என் பேச்சைக் கேட்டு எண்ணூரிலிருந்துகூட ஒருத்தி பஸ் ஏறி வந்து அக்கா வீட்டில் பார்த்துவிட்டுப் போனாள். அசையாத ஒரே ஆள் என் அம்மாதான். அப்பா போனதிலிருந்து அம்மா கோயிலுக்கும் கல்லறைக்கும் தவிர எங்கும் போவதில்லை. கல்லறைத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் நான் விடவில்லை. "நாளைக்கு செத்தவங்க நாளு. இன்னிக்கி ஒரு ஆவியைப் பாத்துட்டு வந்தா புண்ணியம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஆவியைப் பாக்க அவுங்க வூட்டுக்கு இன்னாத்துக்குடி போவணும்? உங்கப்பனோட குடும்பம் நடத்துனவ நானு" என்றார் அம்மா. ஆனாலும் வந்தார்.

அன்றைக்கென்று பார்த்து ஒரு கதை போட்டான் பாருங்கள். புருஷன் செத்துப்போகிறான். பெண்டாட்டி வருஷம் தவறாமல் சமாதியில் சோறு வைக்கிறாள். ஆனால் அவள் வைக்கிறது வேறு எவனுடைய சமாதியிலோ. அந்த எவனோ நன்றாகத் தின்று ஏப்பம் விட, பக்கத்துச் சமாதியில் சொந்தப் புருஷன் காலிக் கையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் வீட்டு வாசலில் வந்து நின்று, "எனக்குப் பசிக்குது" என்கிறான். முடிந்தது கதை. அக்கா பெட்டியைப் பூட்டினார். நாங்கள் சிரித்துக்கொண்டே எழுந்தோம். அம்மா எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் தட்டில் கை வைக்கவில்லை. "அடியே, அந்த எனாமல் மக்கு களவு போவலடி" என்றார் திடீரென்று.

எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அப்பாவை அடக்கம் செய்த அன்று, கடல்காற்றில் மெழுகுவத்தி அணைந்து அணைந்து போனதால், அவருடைய பச்சை எனாமல் மக்கை அம்மா கால்மாட்டில் சாய்த்துப் பாதி புதைத்து, அதற்குள் வத்தியை வைத்தார். முதல் கல்லறைத் திருநாளுக்குப் போய்ப் பார்த்தால் மக் இல்லை. திருடினவன் கை அழுகட்டும் என்று அம்மா வருஷாவருஷம் சாபம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"புல்லு வெட்டறதுக்கு சிலுவையெல்லாம் புடுங்கி செவத்தாண்ட சாய்ச்சிட்டு, அப்பறம்தானடி நட்டானுங்க? மாத்தி நட்டுட்டானுங்கடி. நம்ம பேரப் பாத்துகினு பூட்டோம். உங்கப்பன் இத்தினி வருசமா பசியோட கீறாரு."

விஷயம் அவ்வளவுதான். எங்களைப்போன்றவர்களுக்கு ஏது சலவைக்கல்? மண்மேடு, அதில் கப்பல் பெயிண்டு அடித்த ஒரு மரச்சிலுவை, சிலுவையில் பெயர். திருநாளுக்கு முன்னால் கல்லறை வேலையாட்கள் அத்தனை சிலுவையையும் பிடுங்கிவிட்டுப் புல்லை வெட்டி மேட்டைத் தட்டிச் சரிசெய்வார்கள். நீட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் மண்ணுக்குள் போய்விடும். எந்தச் சிலுவை எந்த மேட்டுக்கு என்பது அவர்கள் தலைக்குள்தான் இருக்கும். அந்தத் தலைக்குள் அன்று வேறு என்னென்ன ஏறியிருந்ததோ.

"அது டி.வி. நாடகம்மா" என்றேன். "நாடகம்னா? பசி பொய்யாடி?" என்றார்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரே சாமந்தியும் ஊதுவத்திப் புகையும். அம்மா பணியாரமும் வஞ்சிர வறுவலும் எலுமிச்சம்பழ ஜூஸும் கொண்டுவந்திருந்தார். எதையும் எடுத்து வைக்கவில்லை, மெழுகுவத்தியும் ஏற்றவில்லை. அப்பா பேர் போட்ட சிலுவைக்கு எதிரே மண்டியிட்டு, கொட்டாங்கச்சியால் கால்மாட்டைத் தோண்ட ஆரம்பித்தார். கிளிஞ்சல்தான் வந்தது. பக்கத்து மேட்டில் ஒரு பெண்பிள்ளை, காசிமேட்டில் நண்டு விற்கிறவர், தன் புருஷனுக்கு அலுமினியத் தூக்கிலிருந்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நவுறும்மே. உங்காளு காலாண்ட தோண்டிப் பாக்கணும்" என்றார் அம்மா.

"இன்னாது? தோண்டறியா? என் வூட்டுக்காரர நீ யாரு தோண்டறதுக்கு? கஸ்மாலம்!"

அம்மா அதற்குள் அந்தக் கால்மாட்டில் தோண்ட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண்பிள்ளை அம்மாவின் முடியைப் பிடிக்கிறதற்கு முன்னால் கொட்டாங்கச்சி எதிலோ பட்டு ணங்கென்றது. மண்ணுக்குள் பச்சையாக ஒரு விளிம்பு. பவுடர் பூசிய ஆவி எதற்கும் நான் அப்படி நடுங்கியதில்லை.

நான்தான் நண்டுக்காரம்மாவுக்கு விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அவர் ஒரு மேட்டையும் இன்னொரு மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப என் வூட்டுக்காரரு?"

"தோ, இங்க கீறாரு. வருசா வருசம் என் பணியாரத்த துன்னுகினு, ஜூஸ் குடிச்சிகினு" என்றார் அம்மா.

"ஜூஸா! ஐயையோ, அந்தாளு தண்ணியே குடிக்கமாட்டாரே! இன்னா பாடு பட்டாரோ என் ராசா!" என்று மாரில் அடித்துக்கொண்டார் அவர்.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அப்பாவின் மேட்டில் ஈரமாக இருந்த இடத்தில் குனிந்து மூக்கை வைத்தார். புளிப்பு நாற்றம் எனக்கே அடித்தது. சுண்டக்கஞ்சி. பழைய சோற்றை ஊறவைத்துப் புளிக்கவைத்து இறக்குகிற சரக்கு. மதுவிலக்கு நாளிலும் எங்கள் பக்கத்தில் அது கிடைக்காத சந்து இல்லை. அப்பா ஹார்பரில் மூட்டை இறக்கிவிட்டு நேரே அங்கேதான் போவார். அம்மா சண்டை போட்டார், பானையை உடைத்தார், கடைசியில் மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினார். அப்பா அந்தச் சத்தியத்தை மீறவே இல்லை. குடித்தவரைக்கும் ஒரு தலைவலி வராத மனுஷன், விட்டபிறகு ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கடைசி நாளில், "ஒரே ஒரு வாய் குடேன்" என்று கேட்டார். அம்மா கஞ்சித்தண்ணிதான் கொடுத்தார்.

"நீ வருசா வருசம் இதான் ஊத்துனியா?" என்றார் அம்மா.

"ஆமா. வெறுங்கஞ்சியா ஊத்துவாங்க? ஊறுகாயோட."

நான் சிரித்துத் தொலைத்தேன். என்ன செய்வது, வந்துவிட்டது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார், இன்றைக்கும் வலிக்கிறது. அதற்கப்புறம் ஈரமண்ணைப் பார்த்தபடியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அப்பா பசியோடு இருக்கிறார் என்று பதறி ஓடிவந்தவருக்கு, அவர் பசியோடு இல்லை என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. எனக்கும் அழுகை வந்தது. நடுவில் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். எங்கள்மேலும் தூக்குமேலும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்துவிட்டு, எதுவும் கேட்காமல் நகர்ந்தார். விவரமான சாமியார்.

சிலுவைகளை நானும் நண்டுக்காரம்மாவும் பிடுங்கி மாற்றி நட்டோம். அம்மா பணியாரத்தை அப்பாவுக்கு எடுத்து வைத்தார். நண்டுக்காரம்மா தூக்கைத் தூக்கிக்கொண்டு தன் புருஷன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தாம்மே" என்று கூப்பிட்டார் அம்மா. "அதுல மிச்சம் கீதா?"

"கீதே. இந்தா, நீயே ஊத்து" என்று அவர் தூக்கை நீட்டினார்.

அம்மா கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார்.

"வாணாம். நீயே ஊத்து. நான் ஊத்துனா அவரு நம்பமாட்டாரு."